எழுபதார் வாங்கிய ராட்டினம்

“மச்சான், இந்த ஈரோடு ஜில்லாவுலயே வருங்காலம் நேர்ல வந்து கொள்ளையடிச்சுட்டுப் போனது என்னை ஒருத்தனைத்தான்!”

சென்னியப்பன் இதைச் சொன்னபோது அவன் நெஞ்சு தேர்தலில் ஜெயித்தவனுடையது போல நிமிர்ந்திருந்தது. கண் மட்டும் டெபாசிட் போனவன் கண்.

அவன் மனைவியின் அண்ணன் ராக்கியப்பன் வறுத்த கடலையைத் தோலுரிப்பதை நிறுத்தவில்லை. “கொள்ளையடிச்சவன் ஆரு மாப்ள?”

“நாந்தான்.”

“நீயா?”

“நானேதான். ஆனா அந்த நான் வர்றதுக்கு இன்னும் பதினேழு வருசம் இருக்குது.”

ராக்கியப்பன் சிரித்த சிரிப்பில் கடலைத் தோல் காளிங்கராயன் வாய்க்கால் வரை பறந்தது. “ஆசப்பட்டு வாங்கிப்போட்டுட்டுப் பழிய எழுபதார் மேல போடறியா? என்ற எழுபதார் பத்தரை மாத்துத் தங்கம். பதினோரு தேருக்கும் டெல்லி அப்பளம் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ‘காத்தப் பொரிச்சு மொளகாப்பொடி தூவறான், அதுக்கு நாப்பது ரூவாயா’ன்னு பதினோரு தடவையும் மாட்டேன்னுட்டார். அவரால இப்ப பவானிக்கரையில தோட்டம் வாங்கற அளவுக்குச் சேர்ந்திருக்குது. போ, போ!”

எழுபதார் இல்லாத வீடு அப்போது தமிழ்நாட்டில் மூன்றுதான். அந்த மூன்றிலும் ஆள் இல்லை. கூடத்துச் சுவரில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. அதில் தெரிவது உங்கள் முகம்தான், ஆனால் எழுபது வயது முகம். நீங்கள் உண்பது, உறங்குவது, பேசுவது, ஏங்குவது எல்லாவற்றையும் அந்தக் கண்ணாடி கவனித்து, எழுபதில் எப்படிப்பட்ட ஆளாக இருப்பீர்களோ அந்த ஆளைத் தினமும் விடியலில் புதிதாக வார்த்துவிடும். அவர்தான் எழுபதார். வெளியே போனால் சட்டைக் காலரில் இருக்கும் குரல்பொத்தானில் கூடவே வருவார். அவர் தலையாட்டினால்தான் காசு நகரும். சேமிப்பு முழுதும் அவர் பெயரில். இன்றைய ஆசைக்கு நாளைய வயிற்றில் கைவைக்காதே என்பதுதான் ஏற்பாடு. குடும்பச் செலவென்றால் புருசன், பெண்டாட்டி இரண்டு பேருடைய எழுபதாரும் தலையாட்ட வேண்டும்.

சென்னியப்பன் வீட்டுக்குக் கண்ணாடி வந்த முதல் வாரமே சென்னிமலைத் தேர். அவன் மனைவி வசந்தாமணி ராட்டினத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, ஒரே ஒரு சுத்துங்க.”

பொத்தானில் எழுபதார் கனைத்தார். “ஆளுக்கு நூறு ரூவாயா? சுத்திட்டு ஏறுன எடத்துலயேதான் எறங்கப்போறீங்க.”

எவ்வளவு பெரிய உண்மை! சென்னியப்பன் அசந்துபோனான். வசந்தாமணி ராட்டினத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அன்று அவன் ஒரு வாக்குக் கொடுத்தான்: கோத்தகிரியில், சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிற மாதிரி ஒரு வீடு. அதற்காகத்தான் எல்லாம்.

பிறகு பதினோரு வருடம் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சென்னியப்பனின் செருப்பில் எண்பது தையல் விழுந்து, கடைசியில் செருப்பே போய்த் தையல் மட்டும் மிஞ்சியது. வசந்தாமணி ஜவுளிக்கடை வாசலைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததில் மூன்று முறை மின்கம்பத்தில் மோதினாள்; நான்காவது முறை கம்பமே ஒதுங்கிக்கொண்டது. மாம்பழக் காலத்தில் இருவரும் மூக்கால் மட்டும் மாம்பழம் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் கண்ணாடிக் கிழவன் தலையை இடமும் வலமும் ஆட்டுவான். “எனக்குத்தானே வெக்கற? நல்லா இருப்ப” என்பான். அதைக் கேட்டால் சென்னியப்பனுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருக்கும்.

அந்த நாளும் வந்தது. வீட்டு விலை சேர்ந்துவிட்டது. வசந்தாமணி கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். இருவரும் கண்ணாடிமுன் நின்றார்கள். கண்ணாடிக்குள் அவனுடைய கிழவன், பக்கத்தில் அவளுடைய கிழவி.

“கோத்தகிரி வீட்டுக்குப் பணத்தைக் கட்டிருங்க,” என்றான் சென்னியப்பன்.

கிழவன் கிழவியைப் பார்த்தான். கிழவி கிழவனைப் பார்த்தாள். இரண்டும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் மாதிரி முழித்தன.

“அது வந்து, காலையில அஞ்சு மணிக்கே கட்டியாச்சு,” என்றான் கிழவன்.

“வீட்டுக்கா?”

“ராட்டினத்துக்கு.”

“எத்தன ரூவாய்க்கு?”

“எல்லாத்துக்கும். அறுபத்தாறு அடி, பன்னெண்டு தொட்டி. பாக்கறப்பவே மனசு கேக்கலை. வெலகூடக் கேக்கலைன்னு வெச்சுக்கயேன்!”

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருடமாக எவனை நம்பிப் பசியைப் பொறுத்தானோ அவன், சொந்த முகத்தை வைத்துக்கொண்டு, சொந்தக் குரலில் பேசி, கழுத்தை அறுத்துவிட்டான். அண்ணன் ஏமாற்றினால் ஊரைக் கூட்டலாம். கூட்டாளி ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போகலாம். இவனை எந்த வாசலில் நிறுத்துவது?

“ஏனய்யா, ஒரு மாம்பழம் தின்ன விட்டியா நீ?”

“நீ சேத்து வெக்கறதுக்கு நான் இருந்தேன்,” என்றான் கிழவன் சாந்தமாக. “எனக்கு எழுபது ஆச்சு. நான் இன்னும் ஆருக்கு வெக்கறது?”

சென்னியப்பன் நிறுவனத்துக்குப் போன் போட்டான். எடுத்த ஆள் தேனாகப் பேசினான்.

“அது உங்க பணமில்லீங்க ஐயா. எழுபதார் பணம்.”

“எழுபதாரே நாந்தானய்யா!”

“அப்பறமென்னங்க? நீங்க வாங்கினதுக்கு நீங்களே புகார் குடுத்தா எப்படிங்க?”

“பழுதுய்யா அது! கழட்டிட்டுப் போங்க!”

“பழுதில்லீங்க ஐயா. அவரை நாங்க செய்யறதில்ல, நீங்கதான் செய்யறீங்க. பதினோரு வருசத்துல நாலாயிரத்துச் சொச்சம் ஆசைய முழுங்கியிருக்கீங்க. அத்தனையும் முழுங்கின மனுசன் எழுபது வயசுல சாவியக் கையில வெச்சிருந்தா என்ன பண்ணுவான்? அதைத்தாங்க பண்ணியிருக்கார்.”

ஆத்திரத்தில் சென்னியப்பன், எழுபதாரை அடக்க ஒரு தொண்ணூறாரை வார்த்துத் தரச்சொல்லிப் பார்த்தான். கண்ணாடியில் பொக்கைவாய் ஒன்று தோன்றிக் கேட்ட முதல் கேள்வி: “தொட்டியில புடிச்சுக்கறதுக்குக் கம்பி வெச்சிருக்கானா?”

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். வசந்தாமணி பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“உன்ற கிழவியும் தலையாட்டியிருக்கறா, பாத்தியா?” என்றான். “ஒரு வார்த்தை உங்கிட்டக் கேட்டாளா?”

“கேக்கலீங்க.”

“துரோகி!”

“கேட்டிருந்தா நானே ஆட்டியிருப்பனுங்க,” என்றாள் அவள். “கோத்தகிரி வேணும்னு நான் எப்பங்க கேட்டேன்? நான் கேட்டது ஒரு சுத்து.”

கிழவன் குத்தியது முதுகில். இது நெஞ்சில். வீடு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டான். பதினோரு வருடமாக அவளுக்காக என்று தான் நினைத்துக்கொண்டிருந்தது போனதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அன்று முழுதும் அவன் கண்ணாடிப் பக்கமும் திரும்பவில்லை, அவள் பக்கமும் திரும்பவில்லை.

ஒரு வாரத்தில் அவர்கள் இருந்த எட்டு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ராட்டினம் நின்றுவிட்டது. கத்துவதற்கு மேலே வந்த சங்கச் செயலாளர் இரண்டு சுற்று முடிந்து மூன்றாவதுக்கு வரிசையில் நின்றார். இதையெல்லாம் கேட்டும் நம்பாமல், “நீதான் வாங்கியிருப்ப” என்று சாதித்த ராக்கியப்பன், நேரில் பார்த்தே தீருவேன் என்று சென்னியப்பனோடு புறப்பட்டு வந்தான்.

மூவரும் ஒரு தொட்டியில் ஏறினார்கள். உச்சியில் ராட்டினம் நின்றது. மேற்கே நீலமாக ஒரு கோடு.

“கோத்தகிரிங்க,” என்றாள் வசந்தாமணி.

அது பக்கத்துச் சென்னிமலைதான். சென்னியப்பனுக்குத் தெரியும்.

“ராட்டினம் இருக்குது, ஒத்துக்கறேன்,” என்றான் ராக்கியப்பன். “ஆனா எழுபதார் வாங்கினார்ங்கறது சுத்தப் புளுகு. இப்பப் பாரு.” காலர் பொத்தானை அழுத்தினான். “ஐயா, என்ற மாப்ளைக்கு நல்லா ஒறைக்கற மாதிரி சொல்லுங்க. நம்ம தோட்டத்துப் பணம் பத்தரமா இருக்குதுங்களா?”

பொத்தானில் ஒரு கனைப்பு.

“ராக்கி, கீழ எட்டிப் பாரு. வண்டி வந்திருக்கும்.”

எட்டிப் பார்த்தார்கள். தெருமுனையிலிருந்து குடியிருப்பு வாசல்வரை பத்தொன்பது லாரிகள். முதல் லாரியின் தார்ப்பாய் காற்றில் விலகியது. உள்ளே, வண்டிச் சக்கரம் அகலத்துக்கு, அடுக்கடுக்காக, மிளகாய்ப்பொடி தூவிய டெல்லி அப்பளம். காற்று ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வந்து தொட்டிக்குள் போட்டது.

“மொத்தத்துக்குமா?” என்றான் ராக்கியப்பன் பொத்தானிடம்.

“ஒரு தடவ குடுத்திருந்தா ஒண்ணோட போயிருக்கும்,” என்றது அவன் குரலே.

ராட்டினம் மெல்ல இறங்கத் தொடங்கியது. ராக்கியப்பன் மடியில் கிடந்த அப்பளத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு ஓரத்தை ஒடித்து வாயில் போட்டான். மீசையெல்லாம் மிளகாய்ப்பொடி. கண்ணில் தண்ணீர், அது காரத்தாலா என்று மற்ற இருவரும் கேட்கவில்லை.

“நடந்தது நெசந்தான் மாப்ள,” என்றான்.