பம்ப்காரியின் உள்ளங்கை

பம்ப்காரி வெந்நீர் வாளியோடு வந்தபோது, மாமியார் அறை வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

"வாளியை அங்கயே வைங்க அண்ணி. இனிமே அம்மாவை நான் குளிப்பாட்டிக்கறேன்."

"உனக்குப் பிடிச்சுத் தூக்கத் தெரியாதும்மா. வழுக்கி விட்டுருவே..."

"வழுக்கினா என்ன, உயிரோட இருப்பாங்கல்ல?"

பம்ப்காரி என்று பெயர் வைத்தவளும் இந்த நாத்தனார்தான். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அறையில் அவளுக்கு வேலை. வால்வு திருகித் திருகி உள்ளங்கை அரம் மாதிரி ஆகிவிட்டது. சூப்பர்வைசர் பதவி தேடி வந்தபோது, காலையில் மாமியாரைக் குளிப்பாட்ட ஆளில்லை என்று வேண்டாமென்று சொல்லிவிட்டாள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

வீட்டாருக்குத் தெரிந்தது வேறு ஒன்று. முதுகுக்குச் சோப்புப் போடும்போது சில நாள் அவள் கை சட்டென்று நிற்கும். "விடுது..." என்று வாய்க்குள் முணுமுணுப்பாள். அடுத்த நொடி மாமியாரின் கண் நிலைகுத்தும், கழுத்து தொங்கும். நாலைந்து மூச்சு கழித்து, ஒன்றுமே நடக்காதது போல், "தண்ணி ஆறிப்போச்சுடி" என்பாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்றார்கள்.

"மூணு தடவை கதவிடுக்குல பாத்தேண்ணா," என்றாள் நாத்தனார், கூடத்தில் இருந்த அண்ணனிடம். "முதல்ல இவங்க வாயில வார்த்தை வருது. அப்புறம்தான் அம்மா சாயறாங்க."

கணவன் செருப்பு மாட்டியபடி நிமிராமல் சொன்னான். "பெட்டியைக் கட்டி வை. அம்மாவை ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்து உன்னை உங்க அண்ணன் வீட்டுல விட்டுடறேன்."

"என்னங்க... நானா அத்தையை..."

"எனக்குத் தெரியாது. உன் கையைப் பாத்தாலே பயமா இருக்கு."

அவளுக்கே பயம்தான். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருந்து பார்த்தாள். அன்றைக்கும் மாமியார் சாய்ந்தாள். சொல்லவில்லை, சரி. மனசுக்குள் நினைத்தாளே, அது கணக்கில் வராதா... பெட்டியில் சேலையை அடுக்கும்போது அந்தக் கையை அவள் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை வேறு சோதனை. மாமியாரின் பிடிவாதத்தால் அவளும் கூடப் போயிருந்தாள். நூடுல்ஸ் தடிமனில் ஒரு ஒயர். மூக்கு வழியாக விட்டு, தண்ணீரோடு விழுங்க வேண்டும். மாமியார் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"மருமக கை முதுகுல இருக்கணும். இல்லாட்டி முழுங்க மாட்டேன்."

"அவங்க வெளியில இருக்கட்டும்மா..." என்றாள் நாத்தனார்.

"அப்ப நீயே முழுங்குடி."

கட்டிலுக்குப் பின்னால் பம்ப்காரி நின்றாள். திரை அவளுக்கு முதுகு காட்டி இருந்தது. மெஷின் பார்க்கும் பெண் மட்டும் இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே நெஞ்சிலிருந்து வரும் கோடு, கீழே விழுங்கிய ஒயரின் கோடு. மெஷினிலிருந்து காகிதம் ஓடிக்கொண்டிருந்தது.

கை நின்றது. உதட்டைக் கடித்தும் வார்த்தை தப்பித்துவிட்டது. "விடுது..."

மெஷின்காரப் பெண் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தாள். மேல் கோட்டில் புதிதாக எதுவும் தெரியவில்லை. கீழ்க் கோட்டில் மட்டும் நேரம் தவறிய சின்னப் பல் ஒன்று முளைத்திருந்தது.

"எப்படிச் சொன்னீங்க?"

"கைக்குத் தெரியுது. துடிப்பு நடுவுல ஒண்ணு விட்டுப் போகுது."

"மறுபடி வந்தா சொல்லுங்க."

"வேண்டாம்மா. சொன்னா அத்தை சாஞ்சிருவாங்க."

"சொல்லாட்டியும் சாய்வாங்க. சொல்லுங்க."

"விடுது... விடுது... இப்ப ரெண்டு சேந்து..." அவள் சொல்லச் சொல்லக் கீழ்க் கோட்டில் பல் பல்லாக முளைத்தது. மெஷின்காரப் பெண் தன் முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அங்கே மயிர் சிலிர்த்து நின்றது. பிறகு பற்கள் மொத்தமாகப் படபடத்து ஓடின. ஓடிய வேகத்தில் இரண்டு கோடுகளும் அப்படியே படுத்துவிட்டன. மாமியாரின் கண் நிலைகுத்தியது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வரும்," என்றாள் பம்ப்காரி, கையை எடுக்காமல். "இருங்க... வரும்..."

வந்தது.

டாக்டர் மகனைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினார். "இதயத்தோட மேல் அறை தப்பா அடிக்குது. படபடன்னு அடிச்சுட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுடுது. மயக்கம் அதனாலதான். மேல் அறைத் துடிப்பு சின்னது. நெஞ்சுல வச்ச ஒயர்ல கீழ் அறைத் துடிப்பு அதை அமுக்கிடுச்சு. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னாடியே ஒட்டிப் போகுது. அங்கேர்ந்து பாத்தா பளிச்சுனு தெரியுது. வைத்தியம் இருக்கு, பயப்படாதீங்க."

"பம்ப்பும் அப்படித்தாங்க," என்றாள் அவள் மெதுவாக. "முன்னாடி தொட்டா மோட்டார் அதிர்வுதான். பின்னாடி தொட்டாத்தான் தண்ணி ஓட்டம் தெரியும்."

வைத்தியம் முடிந்து மாமியார் வீடு திரும்பிய அன்று, கட்டிய பெட்டி இன்னும் கூடத்திலேயே இருந்தது. கணவன் அதன் பிடியைத் தொட்டான், தூக்கவில்லை.

"உள்ள கொண்டு போய் வச்சுடட்டுமா?"

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்டுச் செய்தது அதுதான் முதல்.

நாத்தனார் அதே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "அண்ணி... எனக்கும் பாருங்க."

பம்ப்காரி கையை வைத்தாள்.

"ஒழுங்கா ஓடுது. உன் வாய் அளவுக்கு வேகம் இல்ல."

சிரிப்பும் அழுகையுமாக அந்த முதுகு குலுங்க ஆரம்பித்தது. கணவனும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. அந்த முதுகிலும் அவள் கை வைத்தாள். "ம்," என்றாள், அவ்வளவுதான்.

"ஏண்டி," என்று கட்டிலிலிருந்து மாமியார் கேட்டாள். "உனக்கு யாரு பாக்கறது?"

தன் முதுகுக்குத் தன் கை எட்டாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வந்து திரும்பி உக்காரு."

உட்கார்ந்தாள். மாமியாரின் மெலிந்த கை தோள்பட்டைகளுக்கு நடுவே வந்து பதிந்தது.

"என்ன தெரியுது அத்தை?"

"ஒரு எழவும் தெரியல, போ."

கை மட்டும் அங்கேயே இருந்தது.

"எடுக்கச் சொல்லாதடி... கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

பின்னால் பெட்டி உள் அறைக்குப் போகும் சத்தம் கேட்டது. பம்ப்காரி திரும்பவில்லை. கண்ணீர் மடியில் சொட்டியது. அரம் போன்ற அந்த உள்ளங்கைகளை விரித்து அதை ஏந்திக்கொண்டாள்.