இரண்டாம் மாடியில் மழைக்காடு

இதனால் ஆரணி மாநகரத்துக்கும், அதைச் சூழ்ந்த கிராமங்களுக்கும், கலசப்பாக்கம் வரையில் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கும் சகல குடும்பங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், உலக வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் அமேசான் மழைக்காடு திறக்கப்பட்டுவிட்டது.

அமேசானை யாரும் கேட்கவில்லை. சுப்பராயலு முதலாளிக்குத் தோன்றியது, திறந்துவிட்டார். முகூர்த்தப் புடவை எடுக்க வரும் பெண்கள் கீழ்த்தளத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து நூறு புடவையைப் பிரித்துப் போடச் சொல்லும்போது, கூட வந்த ஆண்கள் கொட்டாவி விட்டு, “போதும், எழுந்திரு” என்று வியாபாரத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் கட்டிப்போட ஒரு காடு தேவைப்பட்டது. கண்ணாடிச் சுவர், பிளாஸ்டிக் கொடி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘ஸ்ஸ்’ என்று புகை கக்கும் இயந்திரம், ஸ்பீக்கரில் தவளை. உயிருள்ளவை என்று பார்த்தால் ஏழு கிளிகள், முழ நீளப் பச்சை ஓணான் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் குரங்குகள் இரண்டு, அப்புறம் நீள மூக்கும் வளையம் வளையமாய் வாலும் உள்ள ஒரு தென்னமெரிக்கப் பிராணி. அதன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊர் அதை ‘ஃபாரின் கீரி’ ஆக்கிவிட்டது.

இந்தக் காட்டுக்கு அதிகாரி சாவித்திரி. பன்னிரண்டு வருடம் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டே புடவை மடித்தவள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சையாய்ச் சுருண்டு கிடக்கும். மற்றப் பெண்கள் மிருகத்துக்குப் பயந்ததால் சாவி அவளிடம் வந்தது. சாவியோடு கண்ணாடியோரமாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உனக்கு இன்னாக்கா, குந்திகினே சம்பளம்” என்றாள் சசிகலா. கீழ்த்தளத்தில் இவளுக்குப் பக்கத்தில் நின்று புடவை மடித்தவள். அவளுக்கும் காலில் அதே நரம்பு.

மூன்றாவது வாரம்தான் அந்தச் சத்தம் சாவித்திரியின் காதில் விழுந்தது. தவளைக்கும் புகைக்கும் அடியில், விடாமல். கிரிக், கிரிக், கிரிக். கீரியின் நகம். கண்ணாடி ஓரமாகப் போட்டிருந்த பச்சைப் பிளாஸ்டிக் புல் பாயில் ஒரு நேர்கோடு தேய்ந்து, சிமென்ட் தெரிந்தது. பன்னிரண்டு அடி போகும். கழுத்தை இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டித் திரும்பும். பன்னிரண்டு அடி வரும். மறுபடியும் வெட்டு.

வேறு ஊர்க்காரி என்றால் பயந்திருப்பாள். சாவித்திரி நெசவாளர் ஊரான முள்ளிப்பட்டு. விடிவதற்குள் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்த இழையைத் தேடிக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்குமாய் நடந்து பாவு போட்ட வீட்டில் பிறந்தவள். போவதும் வருவதும் அவளுக்கு உழைப்பின் சத்தம். எனவே பார்க்க வந்த குழந்தைகளிடம், “அது பாவு போடுது கண்ணு” என்று பெருமையாகவே சொன்னாள். முதலாளிக்கும் அது பிடித்துப்போய், வருகிறவர்களிடமெல்லாம் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்ல ஆரம்பித்தார்.

யாரோ புகார் எழுதிப்போட, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கால்நடை மருத்துவர் தேவகி சோதனைக்கு வந்தார். கண்ணாடியருகே அரை மணி நேரம் நின்று பார்த்தார்.

“எப்பவும் இப்படியேதான் நடக்குதா?”

“சுறுசுறுப்பு மேடம்!” என்றார் சுப்பராயலு. “நம்ம கடை ஆளுங்க இதைப் பார்த்துக் கத்துக்கணும். சும்மா குந்திகினு இருக்குதா பாருங்க?” அவர் பார்வை சிவப்பு நாற்காலியின் மேல் ஒரு கணம் நின்று போனது.

“உங்களைக் கேட்கலைங்க. இந்த அம்மாவைக் கேட்டேன்.”

சாவித்திரிக்குத் தெரியும். சாயந்திரம் விளக்கணைக்கும்போதும் அது நடந்துகொண்டிருக்கும். காலையில் ஷட்டர் தூக்கும்போதும். வாழைப்பழம் தட்டிலேயே கறுத்துப்போகும். சிமென்டில் பன்னிரண்டு அடிக்கும் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். அதை அவள்தான் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாள்.

“அது பாவு போடுற மாதிரிங்க” என்றாள்.

“பாவு முடிஞ்சா நீங்க நின்னுடுவீங்க இல்லையா? இது எப்போ நிக்கும்?” மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். “கீழ வண்டியோடதான் வந்திருக்கேன். கஷ்டப்படுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே ஏத்திடறேன். காட்டையும் மூடிடலாம்.”

காட்டை மூடினால் நாற்காலி இல்லை. கெண்டைக்காலில் நரம்பு ஒருமுறை சுண்டி இழுத்தது.

“நல்லாத்தான் இருக்குதுங்க.”

மருத்துவர் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார். வண்டி காலியாகத் திரும்பியது.

மறுநாள் செவ்வாய். கடை அடைப்பு. தீனி வைக்க சாவித்திரி மட்டும் மூன்று மணிக்கு வந்தாள். வெளியே தார் உருகும் வெயில்; உள்ளே படிக்கட்டில் இருட்டும், புதுப்பட்டின் கஞ்சி வாசனையும், மேலே ஏற ஏற அதை அமுக்கிக்கொண்டு வந்த ஈரத் தேங்காய் நார், எச்சம், அழுகிய பப்பாளி நாற்றமும். ஸ்பீக்கரை அணைத்திருந்தார்கள். தவளை இல்லை. நகச் சத்தம் மட்டும் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. கிரிக், கிரிக், கிரிக். நல்ல வேளை, நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை.

கண்ணாடிக் கதவைத் திறந்து, தட்டோடு உள்ளே போனாள். கதவை மூடக்கூட இல்லை.

கீரி கோட்டின் அந்த முனையில் கிடந்தது. கழுத்து இடது பக்கம் வெட்டித் திரும்பிய வாக்கில். தொட்டாள். விறைத்துப் போயிருந்தது. கண்ணில் எறும்பு. நேற்று ராத்திரியே போயிருக்க வேண்டும்.

சத்தம் நிற்கவில்லை.

கிரிக். கிரிக். அவளைத் தாண்டிப் போனது. திரும்பியது. வந்தது.

நிமிர்ந்தாள். கிளிகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஏழு தலைகளும் ஒன்றாக இடமிருந்து வலமாகத் திரும்பின. ஒரு வெட்டு. வலமிருந்து இடம். குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அதையே பார்த்தன. ஓணான் ஒரு பக்கத்துக் கண்ணால் அதையே பார்த்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தை. அந்தப் பார்வை பன்னிரண்டு அடி போனது. வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கால் அருகே.

‘ஸ்ஸ்’ என்று புகை இறங்கியது. கணுக்காலில் ஏதோ உரசியது. ஈரமான மயிர்.

வழிவிட ஓர் அடி எடுத்து வைத்தாள். கோட்டின் மேல்.

சத்தம் நின்றது.

இன்னும் ஓர் அடி. அவ்வளவுதான், வெளியே போய்விடலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. சாவி இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் எங்கேயோ ஓர் இழை அறுந்திருக்கிறது. கைக்குத் தெரிகிறது. அதைத் தேடி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் போதும். நாலு. ஐந்து. அம்மா அப்படித்தான் சொல்லுவாள். பதினொன்று. பன்னிரண்டு.

கழுத்து தானாக வெட்டியது.

தலைகள் திரும்பின. அவள் உயரத்துக்கு.

நடந்தாள். வந்தாள். செருப்பு எங்கேயோ கழன்றது. நரம்பு தெறித்தது. நிற்கணும். பன்னிரண்டு. வெட்டு. நிற்கணும். இதோ இந்த முனையில். வெட்டு. விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கீழே ஷட்டர் ஏறும் சத்தம். குழந்தைகள். கண்ணாடியில் கைகள். முதலாளியின் குரல்.

“எப்புடி நடந்துகினே இருக்குது பாருங்க! சும்மா குந்திகினு இருக்குதா?”

கத்தினாள். குரல் வெளியே போகவில்லை; கண்ணாடியில் மூச்சுப் புகைதான் படிந்தது.

புகை வடிந்த இடத்தில் சிவப்பு நாற்காலி தெரிந்தது. சசிகலா உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் நீட்டி, ஆடுசதையைத் தடவிக்கொண்டு. அவள் மடியில் ஈரத்துணி. சிமென்டில் சொட்டியிருந்த சிவப்பைப் பார்த்தாள். பிறகு சாவித்திரியின் முகத்தை நேராகப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த பார்வை. சசிகலாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

“பாவு போடுது கண்ணு” என்றாள், பக்கத்தில் நின்ற குழந்தையிடம்.

இரண்டாம் மாடி மழைக்காட்டுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.