ஆஸ்பத்திரி முழுக்க அடிச்சாச்சு!

போன் அலறியது.

காலை ஆறே முக்கால்.

டிஸ்டெம்பர் திடுக்கிட்டு எழுந்தார். பெயின்ட் மேஸ்திரி. இருபத்தாறு வருஷத் தொழிலில் சொந்தப் பெயர் உதிர்ந்து போய், சுவரில் அடிக்கும் பெயின்டின் பெயரே ஒட்டிக்கொண்டது.

மறுமுனையில் மைத்துனன்.

"மாமா... நேத்து ஃபேஸ்புக்ல என்ன போட்டீங்க?"

"ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சதைப் போட்டேன்டா. நகராட்சி ஆணையரோட நின்ன போட்டோவும் போட்டேன். நல்லா விழுந்திருக்கேன்ல?"

"விழுந்துதான் இருக்கீங்க... எந்திரிக்கவே முடியாத இடத்துல! போட்டதைப் படிங்க மாமா!"

டிஸ்டெம்பர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். படித்தார்.

'ஆணையர் ஐயாவின் நேரடி மேற்பார்வையில் ஆஸ்பத்திரி முழுவதும் கொள்ளை அடித்து முடித்தோம். முப்பத்திரண்டு அறைகள். ஒரு மூலை கூட பாக்கி விடவில்லை. வாய்ப்பளித்த ஐயாவுக்கு நன்றி!'

கொள்ளையா?!



அவர் சொன்னது 'வெள்ளை அடித்து முடித்தோம்'. கையெல்லாம் பெயின்ட், டைப் அடிக்க வழியில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டே போனிடம் வாயால் சொன்னார். பக்கத்தில் ஒருவன் தரையில் சிந்திய பெயின்டைப் பரக் பரக்கென்று சுரண்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் வெள்ளை, போனுக்குக் கொள்ளையாகக் கேட்டுவிட்டது!

கீழே போட்டோ. ஆணையரும் அவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு...

அதற்கும் கீழே ஊரே கூடியிருந்தது.

'உலகத்துலயே நேர்மையான திருடன்யா!'

'நன்றி சொல்ற பண்பைப் பாருங்க!'

'ரெண்டு மூஞ்சியிலயும் என்ன ஒரு திருப்தி!'

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒத்தை வார்த்தைதானேங்க? மாத்திட்டா போச்சு."

"பதினோராயிரம் பேர் ஷேர் பண்ணியாச்சும்மா..." மகள் தன் போனை நீட்டினாள். "எனக்கு வேலைக்குப் போலீஸ் விசாரணை அடுத்த வாரம்ப்பா. குடும்பத்துல யார் மேலயாவது கேஸ் இருக்கான்னுதான் முதல்ல கேப்பாங்க."

நாலு வருஷம். மூன்று தடவை பரீட்சை எழுதி, நாலாவது தடவை பாஸான அரசு வேலை!

டிஸ்டெம்பர் பதிவை அழித்தார்.

அழிந்தது.

அடுத்த நொடி... வாசலில் ஜீப்!

பெண் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தாள். பின்னால் ஏட்டு. அவர் கையில், அழித்த பதிவு அச்சடித்த காகிதமாக ஆடியது.

"டிஸ்டெம்பர்ங்கறது யாரு?"

"நான்தாங்கம்மா. அது... வார்த்தை மாறிப் போச்சும்மா. வெள்ளைன்னுதான் சொன்னேன். போன்தான்..."

"போனை உள்ள தூக்கிப் போட சட்டத்துல இடமில்லையே?"

ஏட்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"விடியறதுக்குள்ள ஆணையரே எனக்குப் போன் பண்ணிட்டார். அரசு அதிகாரி மேல அவதூறு. அது ஒரு கேஸ். ஆஸ்பத்திரியைக் கொள்ளை அடிச்சோம்னு நீயே எழுதியிருக்கே. அதுக்கு இன்னொரு கேஸ் போடச் சொல்றார்."

"ஐயோ! சுண்ணாம்பு தவிர அங்க நான் எதையும் தொடலைம்மா!"

மனைவி கைகூப்பினாள். "அம்மா, இவர் பொய் சொல்லத் தெரியாதவர். சீட்டு விளையாடினாக்கூட கையில என்ன இருக்குன்னு எதிராளிகிட்ட சொல்லிடுவார்!"

"சட்டையை மாட்டு. கிளம்பு."

சட்டை கைக்கு வரவில்லை. மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது...

போன் மறுபடியும் அலறியது!

திரையில் 'ஆணையர் ஐயா'.

"ஸ்பீக்கர்ல போடு," என்றாள் இன்ஸ்பெக்டர். "நான் இருக்கறதைச் சொல்லாதே."

டிஸ்டெம்பர் பட்டனை அழுத்தினார்.

"ஐயா... வணக்கமுங்க..."

"உனக்கு எப்படிய்யா தெரியும்?" ஆணையரின் குரலில் கோபத்தைவிட மூச்சுவாங்கல்தான் அதிகம்.

"என்னதுங்கய்யா?"

"முப்பத்திரண்டு ரூம்னு கணக்கா எழுதியிருக்கியே!"

"நான்தானே ஐயா அடிச்சேன்!"



"நீ... நீயும் அடிச்சியா?"

"ஆமாங்கய்யா. நானும் நம்ம ஆளுங்க நாலு பேரும்."

"அடப்பாவி! எனக்குத் தெரியாமயா?"

"நீங்கதானே ஐயா வந்து நின்னு பார்த்தீங்க?"

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் கண்கள் மட்டும் மெல்லச் சுருங்கின.

"ரெண்டாவது மாடி?" ஆணையரின் குரல் தாழ்ந்தது.

"அங்கதான் ஐயா ரெண்டு தடவை அடிச்சோம்."

"ரெண்டு தடவையா?!"

"முதல் தடவை சரியா வரலைங்கய்யா. சாமானை எல்லாம் வெளிய எடுத்தாதான் அங்க வேலையே நடக்கும்."

"வெளிய எடுத்ததும் தெரியுமா உனக்கு?"

"நாங்கதானே ஐயா லாரியில தூக்கி ஏத்தினோம்?"

"மெதுவா பேசுய்யா!" குரல் கிசுகிசுப்பானது. "இங்க பாரு. போனது போகட்டும். அந்தப் பன்னெண்டு டயாலிசிஸ் மெஷினும் இன்னைக்கே கைமாறுது. உனக்கும் பங்கு உண்டு. வாயை மட்டும் மூடிக்கோ."

டிஸ்டெம்பர் போனையே பார்த்தார்.

மெஷின் கைமாறுதா?

பெயின்ட் படாமல் இருக்கத்தானே சாமானை லாரியில் ஏற்றி அனுப்பச் சொன்னார்கள்? நாலு நாள் கழித்து எல்லாம் திரும்பி வந்ததே! ஒரு நிமிஷம்... போகும்போது நாலு பேர் மூச்சுமுட்டத் தூக்கிய மெஷின்கள், வரும்போது இரண்டு பேர் கையில் அலுங்காமல் வந்தன. பார்க்க அதே மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாத போலி ஓடு! அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றுக்கூட ரத்தம் சுத்தம் செய்ய வந்த ஒரு பெரியவரை, 'மெஷின் ஓடலை, அடுத்த வாரம் வாங்க' என்று நர்ஸ் திருப்பி அனுப்பினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். ஈரச் சுவரில் கை வைக்காதீங்க என்று டிஸ்டெம்பர் அவரிடம் கத்தினார்.

இப்போது அந்தச் சத்தம் அவர் காதுக்குள்ளேயே திரும்பக் கேட்டது.

"ஐயா... அது ஜனங்களுக்கு வந்த மெஷினாச்சே?"

"பங்கு பத்தலையா உனக்கு?"

இன்ஸ்பெக்டர் சட்டென்று போனைப் பிடுங்கினாள்.

"சார், இன்ஸ்பெக்டர் பேசறேன்."

மறுமுனையில் வண்டி கிறீச்சிட்டு நின்றது.

"பயப்படாதீங்க சார். எல்லாத்தையும் கேட்டேன். நீங்க காலையில சொன்னபடிதான் வந்திருக்கேன்." அவள் குரல் தேனாக வழிந்தது. "ஆனா என்னை மறந்துட்டீங்களே சார்? பெயின்டருக்கே பங்குன்னா... எனக்கு?"

டிஸ்டெம்பர் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார்.

இவளுமா?

மறுமுனையில் ஆணையர் சிரித்தார். நிம்மதியான சிரிப்பு.

"அட, உனக்கு இல்லாமயா? ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சும்மா!"

"இந்த ஆளை ரெண்டு கேஸ்லயும் தூக்கி உள்ள வெச்சுடறேன். மெஷின் எங்க இருக்குன்னு சொல்லுங்க. எவனாவது போய் மோப்பம் பிடிக்கப் போறான். நானே காவல் போடறேன்."

"பைபாஸ் ரோட்டுல மூடிக் கிடக்கற ஐஸ் பேக்டரி. பின்பக்க குடோன். நானும் அங்கதான் வந்துக்கிட்டிருக்கேன். பதினோரு மணிக்கு வண்டி வருது."

"நல்லது சார். நேர்ல பார்க்கலாம்."

போனை வைத்தாள்.



மகள்தான் முதலில் வெடித்தாள். "நீங்க எல்லாம் ஒரு போலீஸா? எங்கப்பா என்ன தப்பு பண்ணினார்?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்கவில்லை. ஏட்டைப் பார்த்தாள்.

"ஏட்டையா, குடோன் விலாசம் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் மேடம். பேசினது முழுக்க என் போன்ல ரெக்கார்டும் ஆயிடுச்சு."

"ரெண்டு வண்டி கூடுதலா வரச் சொல்லுங்க. சைரன் வேண்டாம்."

டிஸ்டெம்பர் அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா... அப்ப நீங்க..."

"பங்கு கேக்கலைன்னா அந்த ஆள் விலாசம் சொல்லியிருப்பாரா? எந்திரிய்யா. இந்த மெஷின்தான்னு நீதான் அடையாளம் காட்டணும்."

"என் மேல கேஸு?"

"நீ எழுதினதுதான் நிஜமாவே நடந்திருக்கே! நடந்ததைச் சொன்னா அவதூறு எங்கேயிருந்து வரும்? நீ வெறும் சாட்சி. பொண்ணுகிட்ட சொல்லிட்டு வா."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகள் அவர் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

பதினோரு மணி.

ஐஸ் பேக்டரி குடோனில் பன்னிரண்டு மெஷின்கள் வரிசையாக நின்றன. பதின்மூன்றாவதாக ஆணையர் நின்றார்.

வியர்வை வழிய வழியக் கத்தினார்.

"ஊர் பூரா என் பேர் நாறிப் போச்சு! இந்தப் பெயின்டரைச் சும்மா விடமாட்டேன்... மானநஷ்ட வழக்கு போடுவேன்!"

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"தாராளமா போடுங்க சார்... ஆனா மானம் நஷ்டம்னு காட்டணும்னா, முதல்ல கொஞ்சமாவது கையிருப்பு காட்டணுமே!"