ஏப்பம் விட்ட தபால்பெட்டி

வேதவல்லி அந்த வரியை வாசித்ததும் முதலில் சிரித்தவள் சத்தியபாமாதான். சிரிப்பு அடங்குவதற்குள் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அதே வரியை நேற்று மாலை அவள் தன் கையாலேயே ஒரு குறிப்புக் கொப்பியில் எழுதியிருந்தாள்.

"வழக்கறிஞரின் குடை, புதன்கிழமைகளில் நாலு எலுமிச்சம்பழத்துக்குப் பாட்டு சொல்லித் தருது. இந்த வாரம் முதல் பரிசு இதுக்குத்தான், என்ன பாமா?" என்றாள் வேதவல்லி.

பரமட்டாவில், மேசை, கட்டில் போன்ற தளபாடம் இறக்குமதி செய்யும் சிறு கம்பனியில் இருவருக்கும் வேலை. கணினிகளைப் பார்த்துக்கொள்வது சத்தியபாமாவின் பொறுப்பு. வடிகட்டியில் சிக்கிய குப்பை மின்னஞ்சல்களைத் தினமும் கிளறி, தவறி விழுந்த நல்ல கடிதங்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த 2004ஆம் வருடத்தில் குப்பைக்குக் குறைவே இல்லை. மேலே மாத்திரை விளம்பரம் இருக்கும். கீழே, வடிகட்டியை ஏமாற்றுவதற்காக ஏதோ ஓர் இயந்திரம் அகராதியைக் குலுக்கிக் கொட்டிய வரிகள் இருக்கும். அவற்றில் நல்லதாகப் பார்த்து வைப்பாள் சத்தியபாமா. அடுத்த மேசை வேதவல்லி ஆங்கிலத்தைத் தமிழாக்கித் திருச்சி ராகத்தில் வாசிப்பாள். மத்தியானச் சோற்றுக்கு அதுதான் ஊறுகாய்.

ஆனால் எலுமிச்சம்பழத்துக்குப் பாட்டுச் சொல்லித் தரும் குடையைச் சத்தியபாமாவுக்கு முன்பே தெரியும். நேற்று மாலை ஆறரைக்கு, சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது, "அப்புக்காத்தற்றை குடை புதன்கிழமையில நாலு தேசிக்காய்க்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்குது" என்று அவளுடைய கணவர் சச்சிதானந்தன் சொல்லியிருந்தார்.

நில அளவையாளராக இருந்தவர். ஐந்து மாதத்துக்கு முன் வந்த பாரிசவாதம் அவருடைய வலக்கையையும் காலையும் பறித்துக்கொண்டு, பேச்சை மட்டும் அப்படியே விட்டுவைத்தது. வைத்தியர்கள் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். பேச்சு தடையில்லாமல் வந்தது, அர்த்தம்தான் வரவில்லை. அவர் சொல்வதையெல்லாம் நாள், மணி போட்டு எழுதி வரும்படி பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். அப்படி வந்ததுதான் அந்த நீலக் கொப்பி. அதன் முதல் பக்கத்தில் இரண்டே எழுத்து: பா, மா. உதட்டை இரண்டு தரம் மூடித் திறந்தால் வந்துவிடும் சொல், அதிலிருந்து தொடங்குங்கள் என்றிருந்தாள் அந்தப் பெண். நீளமான வரிகளைச் சொன்னால் கிளிபோலத் திருப்பிச் சொல்லும் சச்சிதானந்தன், இந்த ஒரு சொல்லில் மட்டும் பூட்டிக்கொள்வார். உதடு மூடும், திறக்கும், சத்தம் வராது. முப்பத்தொரு வருடம் தன்னைக் கூப்பிட்ட வாயிலிருந்து தன் பெயரை இன்னொரு தரம் கேட்டுவிட வேண்டும். சத்தியபாமாவுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அதனால்தான் அன்று பின்னேரம் அந்தக் காரியத்தைச் செய்தாள். குப்பைக் கடிதத்துக்கு எவரும் பதில் போடக் கூடாது, போட்டால் இங்கே ஆள் உயிரோடு இருக்கிறதென்று அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும் என்று அலுவலகம் முழுக்க எழுதி ஒட்டியவள் அவள். அவளே பதில் போட்டாள்.

'இது என் கணவருடைய பேச்சு. உமக்கு எப்படிக் கிடைத்தது? திருப்பித் தாரும்.'

அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வதால், அவளுடைய கடிதங்களின் அடியில் வீட்டு முகவரி தானாகவே விழும். விழுந்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வந்த வரியிலும் சிரிப்புக்குக் குறைவில்லை. 'கண்ணியமான தபால்பெட்டி ஒரு முழங்கையை விழுங்கி ஏப்பம் விட்டது.' வேதவல்லி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்று மாலை, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பைன்ஸ் பெண் போன பிறகு, ஜூன் என்றால் குளிர்காலமான அந்தத் தென்கோளத்து நாட்டில், ஐந்தரைக்கே இருட்டிவிட்ட அவர்களுடைய வென்ட்வர்த்வில் தெருவில் எல்லா வீட்டு ஹீட்டரும் முனகிக்கொண்டிருக்க, சச்சிதானந்தன் சூப் கரண்டியைத் தள்ளிவிட்டு அந்த வரியைச் சொன்னார். தபால்பெட்டி, முழங்கை, ஏப்பம். ஒன்றும் குறையவில்லை. அவர் வாய் மூடியதும் வெளியே, வேலியோரச் செங்கல் தூணில் இருந்த தபால்பெட்டியின் தகர மூடி ஒரு தரம் அடித்துக்கொண்டது.

டப்.

காற்று என்று நினைத்தாள். யன்னலால் எட்டிப் பார்த்தபோது யூக்கலிப்டஸ் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை, 'படலை தன் பிணைச்சல்களை நெய்யில் பொரித்து விருந்தாளிக்குப் பரிமாறுகிறது' என்று வந்தது. ஆறரைக்கு அவர் அதைச் சொல்லி முடிக்கவும், அவள் கொக்கி போட்டுப் பூட்டியிருந்த வேலிப் படலை, இரும்புப் பிணைச்சல்கள் நீளமாக முனகத் திறந்தது. புதன்கிழமை, 'மூன்று படிகளும் ஈரமான பேராசிரியரைச் சுமக்கின்றன.' மழை விழுந்து ஒன்பது நாளாகியிருந்தும் வாசற்படிகள் மூன்றும் நனைந்திருந்தன. குளத்தடியில் நெடுநாள் கிடந்த துணியை இழுத்தெடுத்ததுபோல ஒரு வாடை. வியாழக்கிழமை, 'நடையில் விரித்த கம்பளம் கால்களைச் சேமித்து வைக்கிறது.' இந்த முறை முன்கதவு திறந்த சத்தமே இல்லை. காலையில் அவள் தூசு உறிஞ்சிச் சீராக்கியிருந்த கம்பளத்தில், வாசலிலிருந்து படுக்கையறையை நோக்கி, பாதி வழிவரை பாதப் பள்ளங்கள் விழுந்திருந்தன. எல்லாமே இடக்கால்.

அன்று அவள் கொப்பியையும் கணினியையும் பக்கத்தில் வைத்து மணியை ஒப்பிட்டாள். ஒவ்வொரு நாளும் கடிதம் நாலு மணிக்கு. அவர் சொல்வது ஆறரைக்கு. கடிதம் அனுப்புவது எதுவோ அது, அவர் சொன்ன பிறகே ஓரடி உள்ளே வருகிறது.

அவருடைய பேச்சை அது திருடவில்லை. அவருடைய வாயால் நடந்து வருகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேதவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேதவல்லி சிரிக்கவில்லை. தயிர்சாதத்தை மூடி வைத்தாள்.

"போர்டு எழுதி ஒட்டினவளே பதில் போட்டியாக்கும்."

"போட்டனான்."

"சரி விடு. அண்ணனைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. ஹரிஸ் பார்க் கடைத்தெரு சத்தத்துல பேய்க்கே காது வலிக்கும்."

"நான் வரேல்லை, வேதா."

"வீம்பு பண்ணாதே."

"எண்பத்திமூண்டுக் கலவரத்தில கொழும்பில எங்கட வீட்டுக் கதவைத் தட்டினாங்கள். ஒரு பையோட பின்கதவால ஓடினனான். அண்டைக்கே முடிவெடுத்திட்டன், இனி ஆர் தட்டினாலும் வீட்டை விட்டுப் போறதில்லையெண்டு. மாத்திரை விக்கிற குப்பைக் கடிதத்துக்கு நான் ஓடுறதோ?"

"இது தட்டலையே பாமா. உள்ளே வந்துடுச்சே."

சத்தியபாமா எழுந்து தன் மேசைக்குப் போனாள்.

நாலு மணிக் கடிதத்தில் அன்று விளம்பரமே இல்லை. ஒரே ஒரு வரி. 'வலப்பக்கத் தலையணை, இரவல் வாயால் நன்றி சொல்கிறது.'

கட்டிலின் வலப்பக்கத் தலையணை அவளுடையது. அவர் விழுந்ததிலிருந்து அவள் பக்கத்தில் மடக்குக் கட்டிலில்தான் படுக்கிறாள். தலையணையை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. பொறு, நான் திரும்பி வருவன் என்று அதற்கே சொல்லி வைத்திருந்தாள்.

ஆறு மணிக்குச் சூப்பை அடுப்பிலேயே விட்டாள். முன்கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். நீலக் கொப்பியை எடுத்துக்கொண்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தி, கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தெருவிளக்கின் மஞ்சள் யன்னல் திரைக்குள்ளால் கசிந்து அவருடைய முகத்தில் விழுந்திருந்தது. சவரம் செய்த கன்னம், பவுடர் வாசம், ஒரு பக்கம் சரிந்த உதடு. இவ்வளவுதான் அவளுக்கு மிச்சம். இதையும் கொடுப்பதாக இல்லை.

"இஞ்சாருங்கோ. இண்டைக்கு நான் சொல்லுறதைத்தான் நீங்கள் சொல்லவேணும். விளங்குதோ?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

சுவர்க்கடிகாரம் ஆறரை காட்டியது.

"வலப்பக்கத் தலை…" என்று தொடங்கினார் சச்சிதானந்தன்.

கதவுக்கு வெளியே கம்பளம் அமுங்கியது. ஒரு தரம். இன்னொரு தரம். குளத்தடி வாடை கதவிடுக்கால் வந்தது. கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது.

"…யணை, இரவல்…"

கதவு திறந்தது. வாசலில் எவருமில்லை. கட்டிலின் வலப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. தலையணையின் நடுவில் ஒரு பள்ளம் விழத் தொடங்கியது. ஈரம் பரவியது.

பின்கதவு குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினைந்து எட்டு வைத்தால் போதும். ஓடலாம். கால்கள் ஓடத் தயாராகவே இருந்தன.

அவள் கொப்பியைத் திறந்தாள்.

அவருடைய வாயால் நடந்து வந்ததென்றால், அவருடைய வாயாலேயே திரும்பி நடக்கட்டும்.

"இல்லை," என்றாள் உரத்து. "நான் சொல்லுறன். சொல்லுங்கோ. நடையில விரிச்ச கம்பளம் காலுகளைச் சேர்த்து வைக்குது."

அவருடைய கண்கள் அவளிடம் திரும்பின. உதடுகள் தடுமாறின. "நடையில… விரிச்ச… கம்பளம்… காலுகளைச் சேர்த்து வைக்குது."

தலையணை நிமிர்ந்தது. கட்டிலின் தாழ்ந்த பக்கம் எழும்பியது. நடையில் கம்பளம் அமுங்கியது, ஒவ்வொன்றாக, வாசலை நோக்கி.

"அடுத்தது. மூண்டு படியும் ஈரமான பேராசிரியரைச் சுமக்குது."

சொன்னார். வெளியே படிகளில் ஈரக்கால் விழும் சத்தம். சளக். சளக். சளக்.

"வந்த வழியாலயே போம், பேராசிரியர்." அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கண்ணால் நீர் ஓட, வகுப்பில் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் குரலில் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினாள். "படலை தன்ரை பிணைச்சலை நெய்யில பொரிச்சு விருந்தாளிக்குப் பரிமாறுது."

சொன்னார். படலை முனகியது. மூடிக்கொண்டது.

"தபால்பெட்டி முழங்கையை விழுங்கி ஏப்பம் விட்டுது."

சொன்னார்.

டப்.

பிறகு ஒன்றுமில்லை. எங்கோ பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் சிரிப்பு. தூரத்தில் ரயில். வாடை போய்விட்டது. வீடு மறுபடியும் பவுடரும் சூப்பும் மணத்தது.

சத்தியபாமா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். வென்றுவிட்டாள். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு, ஒரு வீட்டை விட்டு ஓடாமல் நின்றுவிட்டாள். அந்தத் துணிச்சலில்தான் கொப்பியின் முதல் பக்கத்துக்குப் போனாள்.

"இன்னும் ஒண்டே ஒண்டு. எனக்காக. பா… மா."

அவர் அவளைப் பார்த்தார். முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் மூடித் திறந்தன. மூடித் திறந்தன.

"பாமா."

தெளிவாக. முழுசாக. முப்பத்தொரு வருடமாகக் கேட்ட அதே குரல், கடைசி எழுத்தைச் சற்றே இழுக்கும் அதே விதம். அவரைக் கட்டிக்கொள்ளக் குனிந்தாள்.

குனிந்த இடத்திலேயே நின்றாள்.

குரல் கட்டிலிலிருந்து வரவில்லை.

அவர் அழுதுகொண்டிருந்தார். வாய் திறந்து, தொண்டை அசைந்து, வழக்கமாக அருவிபோலக் கொட்டும் அந்தப் பேச்சு அத்தனையும் உதட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்துக்குக்கூடச் சத்தமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. அது போகும்போது வெறுங்கையோடு போகவில்லை.

அவள் யன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினாள்.

தெருவிளக்கின் கீழ் செங்கல் தூண். தூணில் தபால்பெட்டி. எவருமில்லை. காற்றில்லை.

தகர மூடி திறந்து மூடியது. திறந்து மூடியது. டப். டப்.

"பாமா. கதவைத் திறவும். குளிருது."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் அவருடைய உதடுகள் அதே தாளத்தில் மூடித் திறந்தன. அவர் தலையை மட்டும், முடிந்த அளவுக்கு, இடமும் வலமுமாக ஆட்டினார். வேண்டாம். வேண்டாம்.

சத்தியபாமா கதிரையை இழுத்து யன்னலை நோக்கிப் போட்டாள். ஒரு கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாட்டன்," என்றாள் இருட்டைப் பார்த்து. "குரலை வைச்சிட்டுப் போம்."

மூடி அசையாமல் நின்றது. யோசிப்பதுபோல.

பிறகு உள்ளிருந்து ஒரு முழங்கை மெல்ல வெளியே வந்து, காத்திருக்கத் தயாரானவனுடையதுபோலத் தூணில் ஊன்றிக்கொண்டது.