ரேடியோக்காரன் வந்த பிற்பகல்

அந்த வீட்டு கேட்டின் தாழ்ப்பாளை முதல் தடவை வருகிறவர்கள் யாரும் திறந்ததில்லை. கொஞ்சம் தூக்கிப் பிடித்து, முழங்காலால் ஓர் இடி கொடுத்தால்தான் அது வழிவிடும். தபால்காரர்கூட இத்தனை வருடம் கழித்தும் வெளியே நின்றுதான் குரல் கொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தாழ்ப்பாள் தூக்கப்படுவதும், முழங்கால் இடியும், கீல் கிறீச்சிடுவதும் தடையில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. மடித்த துண்டு கையிலேயே நின்றுவிட்டது. அப்படித் திறக்கிற ஆண் அந்த வீட்டில் அவள் கணவன் ஒருவன்தான் இருந்தான். அவனைப் புதைத்து மூன்று மாதம் ஆகிறது.

எட்டிப் பார்த்தாள். வேறு ஆள். நெட்டையாக, கன்னம் ஒட்டி, புழுக்கத்திலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றான்.

“நான்தான் ரேடியோக்காரன். உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரே, அண்ணி.”

சொல்லியிருக்கிறான். எல்லையில் அவனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவன், வயர்லெஸ் பார்க்கிறவன், குறட்டை விட்டே எதிரியை ஓட வைத்துவிடுவான் என்று போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். குறட்டையைத் தவிர அந்த ஆளைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

மாமியாருக்கு அதுவே போதுமாக இருந்தது. மகனின் கூட்டாளி என்றதும் எழுந்து, அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, மகன் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். அவன் உட்கார்ந்ததும் கூடத்தில் ஒரு வாசனை பரவியது. மழைக்குப் பிறகு ஆழமாகத் தோண்டிய மண்ணின் வாசனை. வெளியே ஒரு மாதமாக மழையே இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ‘மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க’ என்று பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி, யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் அவள் கண் நெஞ்சுக்குத்தான் போகும். இவன் நெஞ்சு பேசுவதற்கு முன் ஒரு தடவை ஏறியது. பேசி முடித்ததும் இறங்கியது. அதற்குப் பிறகு, அடுத்த பேச்சு வரும்வரை, அசையவே இல்லை. வெயிலில் வந்த களைப்பாக இருக்கும் என்று நினைத்தாள். களைத்தவன் மூச்சு வாங்கத்தானே செய்வான் என்றும் நினைத்தாள்.

“கடைசி நேரத்துல ரொம்பக் கஷ்டப்பட்டானாப்பா?” மாமியார் கேட்டாள்.

“இல்லம்மா. குளிருதுன்னு மட்டும்தான் சொல்றான்.”

சொல்றான். வாய் தவறியிருக்கும். சண்டையைப் பார்த்து வந்தவர்கள் இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஆனாலும் தண்ணீர் கொடுக்கும்போது சொம்பை அவன் கையில் தராமல் ஸ்டூலில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த ஐந்து வயது மகளை, “பாப்பா, உள்ள போய் வரை” என்றாள். பாப்பா காதில் வாங்கவில்லை. புதிதாக வந்தவனின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அடுக்களையில நீங்க கோவத்துல சொன்னதை அவன் மனசுல வச்சுக்கல.”

விடுமுறையின் கடைசி நாளில், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, ‘போனா அப்படியே போயிடுங்க, திரும்பி வராதீங்க’ என்று சொன்னது அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். பதுங்குகுழியில் பொழுது போகாமல் எல்லாவற்றையும் இந்த ஆளிடம் கொட்டியிருக்கிறான். இவன் எவ்வளவு கறந்துகொண்டு வந்திருக்கிறானோ? எதற்கு? கிழவியை அழ வைத்து எதைச் சாதிக்கப் போகிறான்?

“அதுக்குத்தான் நீங்க மன்னிப்புக் கேட்டுட்டீங்களே,” அவன் சாதாரணமாகத் தொடர்ந்தான். “பெட்டிகிட்ட உட்கார்ந்து. கேட்டுச்சாம்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதன் சத்தம் கேட்கவில்லை.

சீல் வைத்து வந்த பெட்டி. திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இறக்கினார்கள். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டே நிமிடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்ததோ என்னவோ. குரல் வரவில்லை.

“துணி காயப்போட்டிருக்கு, எடுத்துட்டு வர்றேன்,” என்று எழுந்தாள். “பாப்பா, வா.”

“நான் வரல.”

“நான் பார்த்துக்கிறேன், நீ போ,” என்றாள் மாமியார். “வீட்டுக்கு வந்த பிள்ளையை ஏன் இப்படிக் குடைஞ்சு பார்க்கிற? ஆஸ்பத்திரி புத்தி இங்கயுமா?”

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியருகேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஜன்னல் வழியாகக் கூடம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, மரணச் செய்தி வந்த அந்த எண்ணையே கூப்பிட்டாள். அன்று செய்தி சொன்ன அதே படை அலுவலக எழுத்தரின் குரல். கணவனின் படை எண்ணைச் சொன்னாள். அவர்கூட இருந்த ரேடியோக்காரர்னு ஒருத்தர் வந்திருக்கார், நீங்க அனுப்பினவரா என்று கேட்டாள்.

மறுமுனையில் காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது.

“யாரோ உங்களை ஏமாத்துறாங்கம்மா. முதல்ல வெளிய அனுப்புங்க. அந்த ரேடியோக்காரரும் அன்னிக்கே போயிட்டார். குண்டு விழுந்தப்போ ரெண்டு பேரும் ஒரே குழியில ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்ச மாதிரி…” எழுத்தர் தொண்டையைச் செருமினார். “இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ரெண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு பெட்டி அனுப்பணுமே. எங்களால முடிஞ்ச வரைக்கும் பிரிச்சோம்மா.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். யாரோ திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.

ஓடினாள். அடுக்களையைக் கடக்கும்போதே மாமியாரின் குரல் கேட்டது. மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத, கொஞ்சலான குரல்.

“ம்… ஆமாடா… மாத்திரை போட்டுக்கிட்டேன்டா… நீ ஏண்டா இவ்ளோ நாளா…”

கூடம் இருட்டியிருந்தது. ஈரமண் வாசனை மூக்கை அடைத்தது. மாமியார் தரையில் மண்டியிட்டு, வந்தவனின் மார்பில் காதை அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் டாக்டர் முன்னால் உட்கார்ந்த நோயாளியைப் போல நிமிர்ந்து, பொறுமையாக, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொத்தான்கள் அவிழ்ந்திருந்தன.

அவளைப் பார்த்தான். நெஞ்சு ஒரு தடவை ஏறியது.

“அண்ணி, உங்களைத்தான் ரொம்ப நேரமா கூப்பிடுறான்.”

நெஞ்சு இறங்கியது. நின்றது.

“பாப்பா,” என்றாள். “பாப்பா, அம்மாகிட்ட வா.”

பாப்பா அவன் முழங்கால்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். திறந்த சட்டைக்குள், விலா எலும்புகளுக்குக் கீழே, தோல் மெல்லப் புடைத்தது. ஒரு விரல். இன்னொன்று. ஐந்தும். ஈரத்துணிக்குப் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல ஓர் உள்ளங்கை முழுசாகப் பதிந்து நின்றது.

“அப்பா,” என்றாள் பாப்பா.

தன் சின்னக் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருத்தி வைத்தாள்.

உள்ளேயிருந்த விரல்கள் மெதுவாக மடங்கின. பிடித்துக்கொண்டன.