பள்ளப்பாதையில் பின்னால் வந்தது

கேட்டைத் தாண்டியதிலிருந்து அந்த 'டிக்' சத்தம் கேட்கவில்லை.

ரோவினாவின் குதிரை டியூக்குக்கு நடையில் ஒரு கோளாறு. பின்னங்கால் லாடம் முன்னங்கால் லாடத்தில் தட்டும். ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அந்த டிக், டிக்கைக் கேட்டுக்கொண்டுதான் கிளெனிஸ் இந்தக் குதிரைப் பாதையில் முன்னால் போவாள். இன்று மேட்டுக் கேட்டை மூடிவிட்டு வருவதாகச் சொல்லி ரோவினா பின்தங்கினாள். சற்று நேரத்தில் பின்னால் காலடி வந்து சேர்ந்தது. ஆனால் மெத்து மெத்தென்று, ஈரத் துணியை மண்ணில் போட்டுப் போட்டு எடுப்பதுபோல.

நவம்பர். மணி நாலுகூட ஆகவில்லை. பாதை இறங்க இறங்க இரண்டு கரையும் அவள் தலைக்கு மேல் உயர்ந்து, வேர்கள் தோளை உரசுமளவுக்கு நெருங்கி, மூடுபனி குதிரையின் காதுகளுக்கு அப்பால் எதையும் விட்டுவைக்காமல் விழுங்க, அழுகிய இலை வாடைக்கும் ஈரச் செம்மறி வாடைக்கும் அடியில் நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்ததுபோல் ஒன்று நாறியது. இங்கே குதிரையைத் திருப்ப இடமில்லை. அவள் குதிரை பிராக்கனின் காதுகள் பின்னோக்கி ஒட்டிக் கிடந்தன.

"கேட்டை ஒழுங்கா மூடினியா? ஆடு வெளிய வந்துச்சுன்னா அந்த ஆட்டுக்கார புரோபர்ட் மனுசன் நம்மள உரிச்சுத் தொங்கவிட்டுருவான்."

"மூடினேன்."

ரோவினாவின் குரல்தான். அதோடு நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருக்கத் தெரியாதவள்.

"என்ன, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டியா?"

"என்ன, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டியா?"

கிளெனிஸ் சிரித்தாள். "கேலி பண்ணாதடி."

"கேலி பண்ணாதடி."

இந்தத் தடவை அது ரோவினாவின் குரல் இல்லை. முழுக்க வேறு குரலும் இல்லை. தொடையின் கீழ் குதிரை நடுங்க ஆரம்பித்தது.

அப்போது வெகு மேலே, பனிக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

"கிளென்! நில்லுடி! இந்தப் பாழாப்போன கேட்டுக் கொக்கி இப்பத்தான் மாட்டுச்சு!"

ரோவினா. மேலே.

கிளெனிஸ் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"இங்கதான் இருக்கேன்," என்றது முதுகுக்குப் பின்னால். "வா." வியாழக்கிழமை பிடித்த சளியின் கரகரப்பு உட்பட, கிளெனிஸின் குரல்.

கத்த வேண்டும். வராதே, ஓடு என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள். கத்தினால் அது தன் பக்கம் திரும்பும் என்று தோன்றியது. கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெத்து. மெத்து. மேலே ஏறிப் போனது.

டிக், டிக். இறங்கி வந்தது.

பாதை தொடங்கும் அகன்ற முனையில் இரண்டும் நின்றன. டியூக் ஒருமுறை கனைத்தது.

"அடக் கடவுளே, குதிரை எங்கடி? தள்ளிவிட்டுட்டு ஓடிருச்சா?"

"ஓடிருச்சு."

"அடி கிடி பட்டுச்சா? கை ஏன் இப்படி ஜில்லுன்னு கிடக்கு? சரி, ஏறு. என் பின்னாலயே உக்காரு."

சேணத்தின் தோல் கிறீச்சிட்டது. நீளமாக. பிறகு டிக், டிக், வந்த வழியே மேல்நோக்கி. மெதுவாக. பாரமாக.

கிளெனிஸ் குதிகாலால் பிராக்கனை அழுத்தினாள். கீழ்நோக்கி. வேர்கள் கன்னத்தைக் கீறின. ஒரு தடவைகூட வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

கரை தாழ்ந்து புல்வெளி வந்ததும்தான் திரும்பிப் பார்த்தாள். குன்றின் உச்சியில் பனி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அதன் குறுக்கே டியூக் போய்க்கொண்டிருந்தது. ரோவினா தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி எதையோ சொல்லிச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால், கிளெனிஸ் போட்டிருக்கும் அதே மஞ்சள் ஒளிர்சட்டையில், ஒருத்தி அவள் தோளில் கன்னத்தைச் சாய்த்து ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கைகள் ரோவினாவின் இடுப்பை ஒருமுறை சுற்றி, முதுகுப் பக்கம் போய், மறுபடியும் முன்னால் வந்து கோத்திருந்தன.