எந்த கியர்ல இறங்குற?

கோல்ட்வாட்டர் கணவாயின் உச்சியில், பிரேக் சரிபார்க்கும் இடத்தில் ஆர்டிஸ் லாரியை நிறுத்தியபோது பனிமூட்டம் முன்கண்ணாடி வரை வந்துவிட்டிருந்தது. மதியம்தான். ஆனால் அமெரிக்காவின் ஐடஹோ மலையில் பிப்ரவரி மதியத்தை யார் மதியம் என்பார்கள்? பின்னால் மரக்கட்டை லோடு. பக்கத்து இருக்கையில் கணவன் வெர்ன்.

வெர்ன் கியர் லாரிகளிலேயே தலை நரைத்தவன். சர்க்கரை நோய் அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. பொய்க்காலை வைத்துக்கொண்டு நாளெல்லாம் கிளட்ச் மிதிக்க முடியுமா? அதனால் ஆட்டோமேட்டிக் லாரி வாங்கினார்கள், ஆர்டிஸ் லைசென்ஸ் எடுத்தாள். அதுவும் ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுகிற லைசென்ஸ். வெர்னுக்கு அதில் ஓயாத கிண்டல். சோபாவுக்குச் சக்கரம் வைத்து ஓட்டுகிறாள் என்பான். கியர் போடக் கற்றுத்தருகிறேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். உன் பெருமையை நீயே வைத்துக்கொள் என்று அவள் போகவே இல்லை.

சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள். வண்டி சரிவில் இறங்கத் தொடங்கிய பிறகுதான், லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ கரகரத்தது.

"எந்த கியர்ல இறங்குற?"

வயதான ஆண் குரல். அவசரமே இல்லாத குரல்.

வெர்ன் பதறிப்போய் மைக்குக்குக் கை நீட்டினான். ஆர்டிஸின் வாய் சும்மா இருக்குமா? முந்திக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குய்யா கியர்? எல்லாம் வண்டியே பாத்துக்கும்."

ரேடியோ அடங்கிவிட்டது. வெர்ன் மைக்கைப் பிடுங்கி "ஆறு, ஆறாவது கியர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பதிலே இல்லை. பிறகு வெளுத்த முகத்தோடு அவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

இந்த இறக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு நம்பர்தான் சொல்ல வேண்டுமாம். கேட்பது யார் என்று விசாரிக்கக் கூடாதாம். பல வருஷங்களுக்கு முன் டாய்ல் என்று ஒருவன் பாதிச் சரிவில் கியரை மாற்றப் பார்த்தான். போட்டிருந்த கியர் கழன்றது, அடுத்தது விழவில்லை. லோடு பின்னாலிருந்து தள்ள, கியரைத் தேடிக்கொண்டே பள்ளத்துக்குள் போனான். நம்பர் சொல்லாத வண்டியில் அவன் ஏறிக்கொண்டு தேடுவான் என்பது ஓட்டுநர்களின் பேச்சு.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சிரிப்பியேன்னுதான் சொல்லல, ஆர்டி."

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். அப்போது காலடியில் அந்தச் சத்தம் கேட்டது.

இரும்புப் பல்லோடு பல் உரசும் சத்தம்.

இந்த வண்டியில் அப்படிச் சத்தம் வர வழியே இல்லை. கருகிய எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. வண்டி வேகம் பிடித்தது. கியரைக் காட்டும் சிறு திரையில் நியூட்ரல் என்று விழுந்திருந்தது. பட்டனை அழுத்தினாள். மாறவில்லை. பிரேக்கிலிருந்து புகை கிளம்பியது.

வெர்னைப் பார்த்தாள்.

அவன் கை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, இல்லாத கியர் தண்டைப் பிடித்திருந்தது. முன்னே தள்ளியது, பின்னே இழுத்தது. பொய்க்கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

"விழ மாட்டேங்குது," என்றான். அது ரேடியோவில் கேட்ட குரல்.

ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவன் கையைப் பற்றினாள். ஐஸ் கட்டியாக இருந்தது. எந்தப் பக்கம் தள்ளுவது? ஆறாவது கியர் எங்கே இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்த தன்னை மனதாரத் திட்டிக்கொண்டாள். எதிரே வளைவு வந்துகொண்டிருந்தது.

"வெர்ன், உள்ளதான இருக்க? ஆறு எங்கன்னு காட்டு, கண்ணு."

ஒரு நொடி. அவள் விரல்களை அவன் விரல்கள் இறுக்கின. அந்தப் பிடி அவளுக்குத் தெரியும், அது அவள் புருஷனுடையது. அவள் கையையும் சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளி, கீழே இழுத்தது.

டக்.

திரையில் ஆறு வந்தது. எஞ்சின் உறுமி லோடை இழுத்துப் பிடித்தது. வளைவில் வண்டியை எப்படித் திருப்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

அடிவாரம் வரை வெர்ன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். கையில் மெல்லச் சூடு திரும்பியது. பிழைத்துக்கொண்டான் என்று அவள் அழுதுகொண்டே ஓட்டினாள்.

அடிவாரத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. அவனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். பரிமாறுகிற கிழவி முதுகைக் காட்டியபடி காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மலையிலிருந்து இறங்கிய பின் முதல் தடவையாக அவன் வாயைத் திறந்தான்.

"எனக்கு எப்பவும் போல."

"இதோ வர்றேன், டாய்ல்," என்றாள் கிழவி, திரும்பாமலே, பழக்கத்தில்.

பிறகு அவள் கை அப்படியே நின்றது. கோப்பை நிரம்பி வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கப் பயந்து சுவரையே வெறித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்க்க ஆர்டிஸுக்கும் தைரியம் வரவில்லை.